சித்திரம் இருந்தால்தான் சுவர்

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
பிரைட்டன் கடற்கரையில் அது தலைகீழ்.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறில்
அமோஸ் டப்பன் என்ற ஒப்பந்தக்காரன்
கடலைப் பார்த்தபடி
இருபத்தெட்டு வீடுகளின் முகத்தை மட்டும்
ஒரே வரிசையாய் எழுப்பினான்:
வளைந்த மார்பு, இரும்புப் பின்னல் உப்பரிகை,
கல்போலத் தெரியக் கோடு கிழித்த காரைப்பூச்சு.
முகத்தை வாங்கியவர்கள்
முதுகை அவரவர் கைக்காசில் கட்டிக்கொண்டார்கள்.
அதனால்தான் பின்சந்தில் நின்று பார்த்தால்
ஒன்று நெட்டை, ஒன்று கூனல்,
ஒன்றுக்குச் சன்னல் வைக்கவே மறந்திருக்கிறார்கள்.

உள்ளே, கல்படி இரண்டாம் மாடிவரைதான்.
ஒரு முனை சுவரில், மறுமுனை அந்தரத்தில்,
பட்டுப் பாவாடை உரசும் சத்தத்துக்கென்றே
செதுக்கியது போல.
அதற்கு மேல் மரப்படி. செங்குத்து. கைப்பிடி கிடையாது.
நிலவறையிலிருந்து உச்சிக்குத் தொண்ணூற்றிரண்டு படி.
நிலக்கரி வாளி எங்கே கை மாறியது என்பதை
நாற்பத்தோராம் படியின் ஓரத்தில்
ஒரு வட்டத் தேய்வு சொல்கிறது.

விருந்தாளிக்குப் பதினான்கு அடி உயரக் கூரை,
குழந்தைகளுக்கு ஒன்பது,
வேலைக்காரிக்கு ஆறரை.
நான் இருப்பது வேலைக்காரியின் அறையில்.
மாதம் தொள்ளாயிரம் பவுண்ட்.
கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாது.

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு,
கண்ணாடி மாட்ட ஒரு துளை போட்டேன்.
சுவர் கொட்டத் தொடங்கியது,
சர்க்கரை மூட்டையில் ஓட்டை விழுந்ததுபோல்
நிதானமாக, நிறுத்த வழியில்லாமல்.
போர்வையை விரித்தேன்.
கூழாங்கல், அரைச்செங்கல், சிப்பி ஓடு, கரித்துண்டு,
யாரோ புகைத்துப் போட்ட களிமண் குழாயின் காம்பு,
மீதி சுண்ணாம்பு.
டப்பன் கடற்கரையை வாரிப்
பலகைகளுக்கு நடுவே கொட்டியிருக்கிறான்.
பங்கரூஷ் என்று அதற்கு இங்கே பெயர்.
அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று
கேட்டால் ஆளுக்கொரு கதை.

தூசி அடங்கியதும்
துளைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்.
"டோஸ்ட் கருகுது, ஒரு நிமிஷம்" என்றது.
பாட்டிங். இருபத்துநான்காம் எண்.
ஆறு வருஷமாய் அவர் இருமலுக்கு நான் விழிக்கிறேன்,
என் அலாரத்துக்கு அவர்.
முகம் என்று ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது,
அதுவும் கால்வாசி.

சுவரைப் பார்க்க ஹெஸ்டர் அகெர்ஸ்ட் வந்தாள்.
ஈரமானியின் இரண்டு பல்லையும் அழுத்திப் பார்த்துவிட்டு
"காய வைத்துவிடாதீர்கள்" என்றாள்.
"ரொம்ப நனைந்தால் கரையும்,
ரொம்பக் காய்ந்தால் உதிரும்.
இருநூறு வருஷமாக அரை ஈரத்தில் நிற்கிறது.
பக்கத்து வீடு நிற்பதால் நிற்கிறது."
அப்படியானால் கடைசி வீடு? என்று கேட்டேன்.
பேனா மூடியைத் தேட ஆரம்பித்தாள்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் பாதி விலைக்கு விற்றேன்.

அடைக்கிற நாளில்
பாட்டிங் தன் பக்கமிருந்து
காது உடைந்த கோப்பை ஒன்றை உள்ளே தள்ளினார்.
என் பங்குக்கு
முறிந்துபோன துளைக்கருவி முனை.
கொத்தனார் ஒன்றும் சொல்லவில்லை,
சுண்ணாம்புச் சாந்தை அள்ளி அறைந்தார்.

இது அக்டோபர். முகப்புக்கு வண்ணம் பூசும் ஆண்டு.
பத்திரப்படி இருபத்தெட்டுக்கும் ஒரே வெண்ணெய் நிறம்.
சாரத்தில் ஒரு பையன்
மெல்லிய தூரிகையால்
இல்லாத கற்களின் இடுக்குகளை
வரைந்துகொண்டிருக்கிறான், நாக்கைக் கடித்தபடி.
கண்ணாடி இன்னும் தரையில் சாய்ந்திருக்கிறது,
முழங்கால்வரை என்னைக் காட்டும்.
துளை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைக்கிறேன்.
லேசாக ஈரம்.
அந்தப் பக்கம் இருமுகிறார்.